மூன்றாவது பூட்டு

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய வலது கன்னம் வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. எங்கள் இல்லத்தின் வெளிக் கேட்டில் நின்ற காவலர் பெண், யாரோ வழி தவறி வந்த நோயாளி என்று நினைத்து அவரைக் கருவேல மர நிழலில் நிறுத்திவைத்திருந்தார். நான் போனதும் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர். இல்லங்களில் பூட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவ வசதி ஏற்பாடு செய்வதற்கென்றே புதிதாக அமர்த்தப்பட்டவர்.

"என்ன மேடம், பல்வலியா?" என்று கேட்டேன்.

பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, "வலி இல்ல. புடுங்கிட்டு வாரேன். அருப்புக்கோட்டையில ஒரு பல் டாக்டர். நம்ம பிள்ளைகளுக்கு அவரப் போடலாமான்னு பாக்கணும்ல?" என்றார்.

"அதுக்காகப் பல்லையே புடுங்குனீங்களா?"

"ஆடிக்கிட்டிருந்த பல்லுதான். எப்பிடியும் போகப்போறது. போறது ஒரு வேலையப் பாத்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டுப் பஞ்சை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஊசி மேடம்'. அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. போட்டுக்கொண்டவர். பிள்ளைகளுக்கு எது வரப்போகிறதோ அது முதலில் அவருடைய உடம்புக்கு வந்துவிட்டுத்தான் வரும்.

எங்கள் இல்லம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருந்தது. நான் அதன் கண்காணிப்பாளர். இருந்தவர்கள் எல்லாம் பெண் பிள்ளைகள். பாதுகாப்பு வேண்டி அதிகாரிகள் அனுப்பியவர்கள். பல பேருக்கு ஆபத்து அவர்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தது. அதனால் யாரும் தன்னிஷ்டத்துக்கு உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. வெளிக் கேட்டுக்கு ஒரு பூட்டு, உள் கேட்டுக்கு ஒரு பூட்டு.

ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மகளிர் போலீஸ் துணைக்கு வர வேண்டும், வண்டி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரி. அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் போலீஸையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "என்ன தப்புப் பண்ணுச்சோ" என்று காதுபடவே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளை அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் சொல்லாது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தூக்கம் வருகிறது என்று பொய் சொல்லும். வைத்தியம் இல்லத்துக்குள்ளேயே வர வேண்டும், அதற்கு டாக்டர்களோடும் ஆஸ்பத்திரிகளோடும் ஒப்பந்தம் போட வேண்டும் என்று முடிவானதே அதனால்தான். யாரோடு போடுவது என்று பார்த்துச் சொல்வது ஊசி மேடத்தின் வேலை.

ஏற்பாடு, ஒப்பந்தம் என்ற சொற்களை அவர் பயன்படுத்திக் கேட்டதில்லை. "வைத்தியத்த வாங்கப்போறோம்" என்பார். முதலில் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

"எங்க அப்பா மல்லாங்கிணறுல கடலை மண்டி வச்சிருந்தாக. மூட்டைய வண்டியிலருந்து எறக்குறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, அடியிலருந்து நாலு கடலைய எடுத்து வாயில போட்டுருவாக. மேல இருக்குறத எடுக்க மாட்டாக. மேல எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

அதனால்தான் அவர் எந்த டாக்டரிடமும் அதிகாரியாகப் போனதில்லை. பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தன் முறை வரும்வரை இருப்பார். சொல்வதற்கு நோய் வேண்டுமே என்று கேட்டால் சிரிப்பார். "நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கு நோய்க்கா பஞ்சம்? முட்டு இருக்கு, வாயு இருக்கு, கண்ணு மங்கல் இருக்கு. ஒவ்வொன்னா எடுத்து விட வேண்டியதுதான்."

போய்விட்டு வந்து அவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஒரு டாக்டரைப் பற்றி, "கெட்டிக்காரருதான். ஆனா நான் உக்காருறதுக்குள்ள எழுத ஆரம்பிச்சுட்டாரு" என்றார். ரத்தம் எடுக்கிற ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நரம்பு கெடைக்கலன்னதும் ஊசி குத்துன நர்ஸ் பிள்ளை என்னைய வஞ்சுச்சு. 'கைய ஒழுங்கா வைங்கம்மா'ன்னு. நம்ம பிள்ளைகள ஏற்கெனவே எத்தன பேரு வஞ்சாச்சு. நரம்பு கெடைக்காததுக்கும் வசவு வாங்கணுமா?" கண்ணாடி கொடுக்க முன்வந்த கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டம் என்றார். அதில் ஒன்றை வாங்கித் தானே போட்டுக்கொண்டு சந்தை வழியாக நடந்துபோய் வந்தார். "என்னக்கா இது, ஜெயிலு கண்ணாடி மாதிரி இருக்கு" என்று தெரிந்த பூக்காரி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்தக் கடை அதோடு போயிற்று. பிள்ளைகள் சட்டத்தைத் தாங்களே பார்த்து எடுக்கிற மாதிரி பெட்டி நிறையக் கொண்டுவருகிற வேறொரு கடைக்காரரைப் பிடித்தார்.

பல் டாக்டர் மட்டும் முதல் சோதனையிலேயே தேறிவிட்டார். தேறியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது மலர் விஷயத்தில் தெரிந்தது. மலர் என்பது நான் வைக்கும் பெயர். பதினாலு வயசு. திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்தவள். கடைவாய்ப் பல் சொத்தையாகி, சீழ் கோத்து, காதுவரைக்கும் வீங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். பார்க்கப்போன நர்ஸின் கையைக் கடித்துவிட்டாள். முகத்துக்கு அருகே யாருடைய கை வந்தாலும் அவள் உடம்பு முழுக்க இறுகிவிடும். அது ஏன் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். அவளிடம் கேட்டதில்லை.

ஊசி மேடம் அவள் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். தன் வாயை அகலமாகத் திறந்து விரலால் கன்னத்தை ஒதுக்கி, பல் போன இடத்தைக் காட்டினார்.

மலர் எட்டிப் பார்த்தாள். "வலிச்சுச்சா?" என்றாள்.

"வலிச்சுச்சு. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லுவாக, நம்பாத. ஊசி குளவி கொட்டுற மாதிரிதான் இருந்துச்சு. அப்பறம் மரத்துப்போச்சு. புடுங்குறப்ப வலி இல்ல, சத்தம் மட்டும் கேட்டுச்சு. மண்டைக்குள்ள நறநறன்னு. அதுக்குத்தான் நான் பயந்தேன்."

"நிப்பாட்டச் சொன்னா?"

"கையத் தூக்கு, நிப்பாட்டிருவேன்னாரு. நெசமாவான்னு பாக்குறதுக்கு நானும் சும்மா தூக்குனேன். நிப்பாட்டிட்டாரு."

டாக்டர் வந்த அன்று மலர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வாய் அருகே கொண்டுபோனதும் கையைத் தூக்கினாள். நிறுத்தினார். மறுபடி கொண்டுபோனார். தூக்கினாள். நிறுத்தினார். வலிக்காத இடத்திலும் தூக்கினாள். அவர் நிறுத்துகிறாரா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. டாக்டருக்கு அது முன்பே புரிந்துவிட்டது போலிருக்கிறது. முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தடவையும் கருவியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் மலருக்கே சலித்துவிட்டது. கையை மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.

பல், கண், ரத்தம் எல்லாவற்றையும் இப்படி உடம்பைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமாக வேண்டியிருந்தது மனநல மருத்துவர். மனசை எப்படிக் கொடுத்துப் பார்ப்பது?

ஒரு திங்கட்கிழமை மதியம் ஊசி மேடம் மதுரையில் அப்படி ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக இல்லத்துக்கு வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. என் அறையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"அந்த டாக்டர் வேண்டாம்" என்றார்.

"ஏன் மேடம், பெரிய பேராச்சே."

"என் கதையச் சொன்னேன். பாதியிலயே, 'எல்லாம் சரியாயிரும்மா, காலம் ஆத்திரும்'னுட்டாரு. நான் இன்னும் சொல்லி முடிக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏதாவது ஒரு கதையத்தானே சொன்னீங்க?"

"பொய்யச் சொன்னா, மெய்யச் சொல்ற பிள்ளைக்கு அவரு எப்பிடிக் காது குடுப்பாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உள்ளதத்தான் சொன்னேன்."

அந்த வாரக் கடைசியில் இன்னொரு மருத்துவரிடம் போனார். சின்ன வயதுப் பெண். திரும்பி வந்து, "அவுக ஒன்னுமே சொல்லல. தண்ணி குடுத்தாக. கடைசி வரைக்கும் கேட்டாக. அடுத்த வாரமும் வரச் சொன்னாக. இவுகளயே போட்டுருவோம்" என்றார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை அந்த உள்ளதைத் திறந்து காட்டிவிட்டு வந்திருந்தார். டீ கிளாஸை ஒரு கையால் எடுத்தார். கிளாஸைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார்.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆபீஸுக்கு வெளியே நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று ஆபீஸுக்குள்ளேயே கூப்பிட்டேன். "அக்கா, உடம்பு கடலை மூட்டை இல்லையே. எத்தன தடவ கைய விட்டுப் பாப்பீங்க?"

"ஆமா, மூட்டைக்கு வலிக்காது" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் எல்லாரும் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் புதிய மாத்திரை கசக்கிறதா என்று வாயில் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். மலர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீங்க எல்லாத்தையும் பாத்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவீக."

பக்கத்திலிருந்த பிள்ளைகள் அவளை அதட்டினார்கள். ஊசி மேடம் மாத்திரை அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அன்று ஷேர் ஆட்டோ வரும்வரை வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பங்குனியில் இல்லத்துக்குள் அம்மை வந்தது. முதலில் ஒரு பிள்ளைக்கு. கட்டிடத்தின் பின்பக்கம், போர்வெல் மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு நோயறை இருந்தது. அதில் அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்தோம். தொத்து பரவக்கூடாது என்பதால் நோயறையை வெளியே பூட்டிவைப்பது வெகுகால வழக்கம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் திறப்போம். ஊசி மேடம் வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பிலையால் வருடிக் கொடுத்துவிட்டுப் போனார். சின்ன வயதில் அம்மை போட்டதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நோயறையில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மலரும் அதில் ஒருத்தி. ஒரு காலை ஊசி மேடம் ஒரு துணிப்பையோடு கேட்டில் வந்து நின்றார். முகத்திலும் கழுத்திலும் கொப்புளம்.

"எனக்கும் போட்டுருச்சு. வீட்டுல தங்கச்சி மாசமா இருக்கா. அங்க இருக்க முடியாது. இங்கதான் எடம் இருக்கே" என்றார்.

"அக்கா, விதியில இடமில்ல. வாடகைக்கு ஒரு ரூம் பாத்துத் தாரேன்."

"எந்த வீட்டுக்காரரு அம்மை போட்டவளுக்கு ரூம் குடுப்பாரு? மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன். கதவத் தெற."

பெரியவர்களுக்கு வந்தால் அம்மை கடுமையாகத்தான் வரும். முதல் மூன்று நாள் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. அவரையும் உள்ளே வைத்துத்தான் பூட்டினோம். மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ அப்படியே எனக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். மலர்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம்.

அவர் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு மதியம். நான் முன்பக்கத்து ஆபீஸில் இருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நின்ற அந்த அமைதியில், டம்ளரால் கதவில் அடிக்கிற சத்தமும் பல குரல்களும் சேர்ந்து கேட்டன. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே இருந்தவர்களில் சின்னவளுக்குக் காய்ச்சல் ஏறி, வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி மேடம் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்திருந்தார். மலர் கையில் நசுங்கிய டம்ளர். ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளையை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் நடந்தே திரும்பி வந்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான் நோயறைக்குத் திரும்பினேன். ஊசி மேடம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது.

"மோட்டார் தினமும் எம்புட்டு நேரம் ஓடும்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மலர் சொன்னாள்: "காலையிலயும் ஓடும், மத்தியானமும் ஓடும். ஓடுறப்ப நாங்க கூப்பிட மாட்டோம் மேடம். கூப்பிட்டா கேக்காது. நின்னதுக்கப்பறம் கூப்பிடுவோம்."

அதை அவள் ஒரு புகாராகச் சொல்லவில்லை. தண்ணீர் எப்போது வரும், வெயில் எப்போது இறங்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த அறையில் படுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஊசி மேடம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியதும் அவர் செய்த முதல் வேலை, ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்று கேட்டதுதான். அதற்காகக் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். மேலதிகாரி கெட்டவர் இல்லை. பயந்தவர். வேறொரு இல்லத்தில் ஒரு பிள்ளை சுவரேறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டபோது பதில் சொல்லிப் பட்டவர்.

"மருத்துவ ஒப்பந்தத்துல கதவப் பத்தி எதுக்கும்மா வருது?" என்று கேட்டார்.

"நோயறைக்கு வெளிப்பூட்டு வேண்டாம் சார். உள்பக்கம் ஒரு தாழ் வேணும். வைத்தியம் பாக்க வாரவுக யாரா இருந்தாலும் கதவத் தட்டி, தான் யாருன்னு சொல்லி, பிள்ளை திறந்தப்பறம்தான் உள்ள போகணும்."

"இது பாதுகாப்பு இல்லம். நாளைக்கு ஒரு பிள்ளை ஓடிப்போச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

"வெளிக் கேட்டுல ஒரு பூட்டு இருக்கு. உள் கேட்டுல ஒரு பூட்டு இருக்கு. அந்த ரெண்டையும் நான் கேக்கல. காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைக்கு மூணாவது பூட்டு எதுக்கு சார்?"

"தொத்து பரவக்கூடாதுல்ல?"

"தொத்து பூட்டுக்கு நிக்குமா? எனக்கு வந்துச்சே."

மேலதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். வடுக்கள் அப்போதும் கறுத்துக் கிடந்தன.

"சரி, வெளிப்பூட்டு வேண்டாம்னே வச்சுக்குவோம். உள்தாழ் எதுக்கு? உள்ள போட்டுக்கிட்டு ஏதாவது பண்ணிக்கிட்டா?"

"வெளியிலருந்து நெம்பித் திறக்குற தாழ் இருக்கு சார். அவசரம்னா நாம திறந்துக்கலாம். ஆசாரியக் கேட்டுட்டேன்" என்றவர் மேலும் சொன்னார். "நான் அங்க படுத்திருந்தப்ப, கதவு திறக்குற சத்தம் கேக்குறப்பல்லாம் சேலைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டேன். வாரது சாப்பாடா, டாக்டரா, யாருன்னு தெரியாது. இந்த வயசுல எனக்கே அப்பிடி இருந்துச்சு. நம்ம பிள்ளைகள்ல பல பேரு கதவு திறக்குற சத்தத்துக்குப் பயந்துதான் நம்மகிட்டயே வந்திருக்குதுக."

மேலதிகாரி பேனாவை மூடி மூடித் திறந்தார். அன்று முடிவு சொல்லவில்லை. மறுவாரம், மூன்று மாதத்துக்குச் செய்து பார்க்கலாம், ஏதாவது நடந்தால் பழையபடி பூட்டு என்று அனுமதி வந்தது. இப்படித் தட்டிக்கொண்டு நின்றால் நேரம் வீணாகும் என்று மதுரை ஆஸ்பத்திரிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். பஸ், பரிசோதனை மெஷின், பேனர் எல்லாம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தவர்கள் அவர்கள். வாரம் ஒருமுறை வருவதற்குக் காரியாபட்டியிலிருந்து ஒரு டாக்டர் மட்டும் சரி என்றார்.

தாழ் வந்து பொருத்துவதற்குள் ஊசி மேடத்தின் வேலை போய்விட்டது. அவருடையதும் ஒப்பந்த வேலைதான். புதுப்பிக்கவில்லை. அந்தக் கூட்டத்தால்தானா, இல்லை அந்த வேலையையே எடுத்துவிட்டார்களா என்று யாரும் சொல்லவில்லை. அவரும் தோண்டிக் கேட்கவில்லை. இல்லத்துக்கு வந்து சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. "வந்தா பிள்ளைக அழும், நானும் அழுவேன்" என்று போனில் சொன்னார். மல்லாங்கிணறில் தம்பியின் மண்டியில் உட்காரப் போவதாகச் சொன்னார். மலர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு அவளுடைய சித்தி வந்து, முறைப்படி ஒப்புதல் வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

தாழ் பொருத்திய பிறகு நோயறைக்கு முதலில் போனது ஒரு புதுப் பிள்ளை. அவள் வந்தே ஒரு வாரம் ஆகியிருக்காது. ஊசி மேடத்தைப் பார்த்ததில்லை, அம்மை வந்த கதை தெரியாது. நல்ல காய்ச்சல். நான்தான் அவளை உள்ளே விட்டு, "இது உன் பக்கத்துத் தாழ். நீ போட்டுக்கலாம், நீயே திறந்துக்கலாம்" என்று காட்டினேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் வராந்தாவில் நடந்துபோகும்போது பின்னால் சத்தம் கேட்டது. தாழ் விழுந்தது. எடுபட்டது. மறுபடி விழுந்தது. எடுபட்டது. பிறகு விழுந்து, அப்படியே இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். பழக்கத்தில் கதவில் கை வைத்துத் தள்ளப் போனவர் நின்று, விரலை மடக்கித் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவைக் காட்டினேன். அவரே தன் பெயரைச் சொன்னார். "டாக்டர் வந்திருக்கேன்மா. காய்ச்சல் பாக்கணும். உள்ள வரலாமா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "இருங்க."

அவர் நின்றார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். நர்ஸ் கதவை மறுபடி தட்டப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். உள்ளே ஏதோ உருள்கிற சத்தம், பக்கெட்டில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். அதன் பிறகுதான் தாழ் எடுபட்டது.

மண்டியில் வியாபார நேரம் என்று தெரிந்தும் நான் உடனே ஊசி மேடத்துக்குப் போன் போட்டேன். சுற்றிலும் லோடு இறக்குகிற சத்தமும் ஆட்கள் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டாக்டரு எம்புட்டு நேரம் நின்னாரு?" என்றார்.

"அவ மூஞ்சியக் கழுவி, தலைய சீவி, பொட்டு வச்சு முடிக்கிற வரைக்கும்."

 லைன் போய்விட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"பொட்டும் வச்சாளா?" என்றார்.